வறட்சிக்கு எல்லைக்கோடு உண்டோ?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் செர்ரி மாவட்டம், 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. பெரும்பகுதி மணற்குன்றுப் புல்வெளி. மக்களோ 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6,000க்கும் குறைவு. மாடுகளோ இலட்சத்தினும் மிகுதி.

புல் கருகினால் மாடு வளர்ப்போர்க்கு அங்கே நடுவணரசு நிவாரணம் வழங்குகிறது. 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் தோன்றி, 2014இல் நிலைபெற்ற திட்டம் இது. வறட்சி வரைபடத்தில் மாவட்டத்தின் ஏதேனும் ஒரு பகுதி குறித்த வாரங்கள் கடும் வறட்சியுற்றதாகக் காட்டப்பட்டால், மாவட்டம் முழுமையும் தகுதி பெறும். மாடுகளின் எண்ணிக்கைக்கேற்பத் தொகை, உச்சவரம்புவரை வளரும்.

ஒவ்வொரு புல்வெளியையும் அளந்து காலந்தாழ்த்தாது உதவ இம்முறை துணைசெய்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சிறிதளவு இழந்தவரும் பெரிதும் இழந்தவரும் ஒரே விகிதத்தில் பெறுகின்றனர். வேலிக்கு அப்பால், அண்டை மாவட்டத்தில் ஏறக்குறைய அதே வாட்டமுற்றவரோ, வரைபடத்தில் ஒருபடி குறைந்தமையால் வெறுங்கையராக நிற்க நேரிடும்.

மழையளவைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணிக்கும் மேய்ச்சல்நிலக் காப்பீடு அந்நாட்டிலேயே நடைமுறையில் உள்ளது. அவ்வளவுகோலை நிவாரணத்திற்கும் கொள்வதே முறையென்போம். மாவட்ட எல்லை ஆட்சியின் வசதிக்கு வரைந்த கோடு. முகில் அதனை அறியாது. கொடுப்பது மட்டும் அறமாகாது. அறிந்து கொடுப்பதே அறம்.