ஜப்பானிய பாஷைக்கு நேர்வழி

தூத்துக்குடி நகரை ஒட்டி வடபால் இருக்கும் மாப்பிள்ளையூரணியில், உப்பளத்தையோ துறைமுகத்தையோ வலையையோ நம்பிப் பிழைக்கும் குடும்பத்து வாலிபர் ஒருவர், ஜப்பானிய பாஷையைத் தாமாகவே கற்கத் துணிகிறார் என்று வைத்துக்கொள்வோம். உபாத்தியாயர் இல்லை, சம்பளம் கட்டிப் படிக்கப் பணமும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியுமே அவருடைய பள்ளிக்கூடம். அவருக்கு நம் பெரியவர்கள் செய்யும் முதல் உபதேசம் யாது? "முதலில் இங்கிலீஷைத் திருத்தமாகப் படி, அப்புறம் ஜப்பானியத்தைப் பார்க்கலாம்" என்பதே. இவ்வுபதேசம் தவறு என்பது நமது அபிப்பிராயம். தவறு மாத்திரமன்று, பிழைப்புத் தேடிப் புறப்படும் ஏழை வாலிபரைப் பாதி வழியிலேயே உட்கார வைத்துவிடும் தீங்குமாகும்.

இது பொழுதுபோக்கு விஷயமன்று. முதியோர் மிகுந்து தொழிலாளர் குறைந்துவிட்ட ஜப்பான், 2019-ஆம் வருஷம் ஏப்ரலில், திறமையுள்ள அந்நியத் தொழிலாளருக்கென்று ஒரு புதிய அனுமதி முறையை ஏற்படுத்திற்று. முதியோர் பராமரிப்பு, கட்டட வேலை, கப்பல் கட்டுதல், விவசாயம், மீன்பிடித்தல் முதலியன அதில் அடங்கும். 2021 ஜனவரியில் இந்தியாவும் இதற்காக ஜப்பானுடன் உடன்பாடு செய்துகொண்டது. 2025 ஆகஸ்டில் இரு அரசாங்கங்களும் ஐந்து வருஷங்களில் இந்தியாவிலிருந்து 50,000 திறனாளரை ஜப்பானுக்கு அனுப்பவேண்டுமென்று திட்டமிட்டன. தொழிற்பரீட்சையோடு, ஜப்பானிய பாஷைத் தேர்வில் நான்காம் படியோ அதற்குச் சமமான தேர்ச்சியோ பொதுவாகத் தேவை. வருஷத்தில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கும் அத்தேர்வின் வினாக்கள் ஜப்பானிய பாஷையிலேயே இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. பின் எதற்காக அந்தச் சுற்றுவழி?

அந்நிய பாஷையைத் தாமே முயன்று கற்பது இக்கரைக்குப் புதிதன்று. 1542 முதல் இரண்டு வருஷங்கள் முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் திரிந்த பிரான்சிஸ் சவேரியார், ஜபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, நெட்டுருப்போட்டு ஒப்பித்தார். அவரே 1549-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கும் அதே முறைதான். மலாக்காவில் தாம் சந்தித்த அஞ்ஜிரோ என்ற ஜப்பானியரின் வாயையே நம்பினார். கடவுளுக்கு 'தைநிச்சி' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தார் அஞ்ஜிரோ. அதுவோ பௌத்தர் வணங்கும் வைரோசன புத்தரின் பெயர்! சவேரியாரும் வெகுகாலம் அப்பெயரையே பிரசங்கித்துவந்து, பிழை தெரிந்தபின் அதைக் கைவிட நேர்ந்தது. எத்துணைப் பெரியவரானாலும், துபாஷியின் அறிவு எவ்வளவோ அவ்வளவுதான் அவருடைய பாஷையும்.

சவேரியார் ககோஷிமாவில் இறங்கிய அதே காலத்தில் இக்கரையில் வேறொருவர் வேறு வழி பிடித்தார். போர்த்துகீசியரான அண்டிரீக்கு அடிகளார் துபாஷியை உதறிவிட்டுத் தாமே தமிழ் பேசவும் எழுதவும் கற்றார். 1549-ஐ ஒட்டித் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். அவ்விலக்கணத்தை எந்தப் பாஷையில் எழுதினார்? தம் சொந்தப் பாஷையாகிய போர்த்துகீசியத்தில். தமக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் உழைப்பின் பயனே.

முத்து விஷயமும் இப்படித்தான். 1893-இல் மிக்கிமொட்டோ கொகிச்சி சிப்பியை முத்து விளைக்கச் செய்தார். பின்னர் ஜப்பானியர் அந்நுட்பத்தை வெகுகாலம் ரகசியமாகவே காத்தார்கள். நம் கடலிலோ 1961-க்குப் பின் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆயினும் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அழகர்சாமியும் அவருடைய சகாக்களும் தாமே சோதனை செய்து, 1973 ஜூலையில் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். உபாத்தியாயர் இல்லையென்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இனிப் பாஷையின் கூற்றுக்கு வருவோம். ஆங்கிலப் புத்தகங்கள் ஜப்பானியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பயமுறுத்தும் விஷயங்களிற் பல, தமிழனுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. 'குரு தோ இத்தா' என்றால் 'வருகிறேன் என்று சொன்னான்'. 'குரு' வருகிறேன், 'தோ' என்று, 'இத்தா' சொன்னான். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'கிதா ஹிதோ' என்பது 'வந்த மனிதன்'. 'தபேதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'; 'மிரு' என்பது கண்ணால் பார்க்கும் பார்த்தலேதான். பார்வைக்கும் பரீட்சைக்கும் ஒரே வினைச்சொல் எப்படி வந்ததென்று ஆங்கிலேயர் விழிப்பர். நம் வீட்டுக் குழந்தைக்கு விளங்கும். 'நானும்' என்பதிலுள்ள 'உம்' அவர்களுக்கு 'மோ'. 'கொரே, ஸொரே, அரே, தொரே' என்பவை 'இது, உது, அது, எது' ஆகும். கேட்பவர் பக்கத்திலுள்ளதைக் குறிக்கும் 'உது' நம் பக்கத்தில் வழக்கொழிந்தாலும் யாழ்ப்பாணத்தார் வாயில் இன்றும் உயிரோடிருக்கிறது. அவர்களுடைய எழுத்து வரிசையைக் கேட்டாலே நம் பள்ளிக்கூடத்துத் திண்ணை ஞாபகம் வரும்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்த பிக்ஷுக்கள் மூலம் இந்தியாவிலிருந்து சென்ற அக்ஷர முறை அது. 'ஹ' வரிசையும் முற்காலத்தில் 'ப' ஒலியுடையதென்று அறிஞர் கூறுவர்; அதனால் நகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே அது நிற்பதில் வியப்பில்லை.

குறில் நெடில் பேதமும் அப்படியே. 'ஒபஸான்' அத்தை, 'ஒபாஸான்' பாட்டி. 'கிதே' என்றால் வந்து; 'கித்தே' தபால் தலை. பிறர் மாதக்கணக்கில் காதைப் பழக்கவேண்டிய இடம் இது. நாம் 'படு', 'பாடு', 'பட்டு' என்று பேசியே வளர்ந்தவர்கள்.

இவ்வொற்றுமைகளைக் கண்டுதான் ஜப்பானிய அறிஞர் ஸுஸுமு ஓனோ, இரு பாஷைகளும் உறவுடையவை என்று வாதித்தார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதிகளும் தமிழகத்துப் பொற்கோவும் அவ்வாராய்ச்சியில் உடனுழைத்தார்கள். மொழிநூலார் பலர் அதை ஏற்கவில்லை. இத்தகைய வாக்கிய அமைப்பு கொரிய பாஷைக்கும் துருக்கிக்கும்கூட உண்டு. ஆகவே, நம் மேடைப் பேச்சாளர்கள் 'ஜப்பானியர் தமிழரே' என்று முழங்குவதை நிறுத்துவது நலம். நாம் உறவு கொண்டாட வரவில்லை. உபயோகத்தைச் சொல்ல வந்தோம்.

கஷ்டங்கள் இல்லாமலில்லை. இரண்டு வகை அக்ஷரங்கள், வகைக்கு 46. அவற்றின் மேல் சீனச் சித்திர எழுத்துக்கள். பொது வழக்குக்கென்று 2010-இல் வகுத்த பட்டியலில் மாத்திரம் 2,136. இவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது. தினம் எழுதிப் பழகவேண்டியதே. தமிழனுக்கென்றே உள்ள தடுக்கல் வேறொன்று. 'கின்' என்றால் பொன். அதே சொல்லைக் ககரம் கனக்கச் சொன்னால் வெள்ளி. நம் எழுத்தில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுவோம். ஜப்பானியர் எழுத்தின் தலையில் இரண்டு சிறு கோடிட்டு வேறுபடுத்துகிறார்கள். ஆகையால் முதல் மாதத்திலேயே அவர்கள் அக்ஷரங்களைக் கற்று, தமிழெழுத்தில் எழுதிப் படிப்பதை விட்டுவிட வேண்டும். பொன்னுக்கு வெள்ளி வாங்கி வருவது நல்ல வியாபாரமன்று. மேலும் அந்தத் தேர்வில் பேச்சுப் பரீட்சை கிடையாது. சான்றிதழ் கையிலிருந்தும் வாய் திறவாதவர் பலராவது இதனாலேதான். தெருவுக்கு இருவராவது சேர்ந்து படித்தால் தினம் பேசிப் பழகலாம்.

இடையில் ஒருவர் நிற்பதால் வரும் நஷ்டத்தை நாம் இலக்கியத்திலும் கண்டிருக்கிறோம். எட்டயபுரத்துப் பாரதியார் 1916-இல் 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்தபோது, அவருக்கும் நொகுச்சியின் ஆங்கிலக் கட்டுரையே வாயிலாயிற்று. ஷுஸோ மட்ஸுநாகா 1981-இல் திருக்குறளை ஆங்கிலத்தின் வழியே ஜப்பானியத்தில் பெயர்த்தார். அந்த அன்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் தமிழ் கற்ற தகநொபு தகஹஷி மூலத்திலிருந்தே பெயர்த்தது 1999-இல்தான் வெளிவந்தது. அவர் நம்மிடம் நேரே வந்துவிட்டார். நாம் அவர்களிடம் நேரே போக இன்னும் பாதை போடவில்லை.

புத்தகத்தில் இடையாள் நின்றால் சுவை குறையும். பிழைப்பில் நின்றால் உயிருக்கே ஆபத்து. இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம்மவரை ஓட்டிச்சென்ற கங்காணியை மறந்தவர் யார்? 1942 முதல் 1945 வரை மலாயாவை ஜப்பானியர் ஆண்டபோது, பள்ளிகளில் 'நிப்பொன் கோ' கற்பித்தார்கள். அதே காலத்தில் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோனார்கள். மாண்டவர் மிகப் பலர். உத்தரவின் பொருள் விளங்காமலே அடி வாங்கியவர்களுடைய பாஷைப் பாடம் அது. இன்று பிரம்பில்லை, ஒப்பந்தச் சீட்டு இருக்கிறது. ஜப்பானில் 1993 முதல் நடந்துவந்த பயிற்சித் தொழிலாளர் முறையில், தரகுப் பணமும் கடனும் தொழிலாளரை நசுக்குவதாகக் குற்றச்சாட்டு மிகுந்து, 2024 ஜூனில் அதை மாற்றிப் புதுச் சட்டமே செய்தார்கள். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, வேலையை விட்டு வேறிடம் போகலாமா என்பவற்றைத் தானே வாசித்தறிந்து கையெழுத்திடும் வாலிபரை எந்தப் புதிய கங்காணியும் ஏய்ப்பது எளிதன்று. கைப்பேசி மொழிபெயர்த்துத் தராதா என்பாருமுளர். கடைத்தெருவுக்கு அது போதும், கையெழுத்துக்குப் போதாது.

ஆகவே நாம் கேட்பது இது. தமிழிலக்கணத்தை அடிப்படையாக வைத்து, ஆங்கிலத்தின் தயவின்றி, ஜப்பானியம் கற்பிக்கும் பாடப் புத்தகம் ஒன்றை மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையோ ராஜாங்கமோ அச்சிட்டு, ஒலிப்பதிவோடு இலவசமாய் வழங்கவேண்டும். ஜப்பான் பவுண்டேஷன் 'இரோதொரி' என்ற பாடங்களை இலவசமாகவே தருகிறது. அதற்குத் தமிழ் இலக்கணக் குறிப்பு எழுத நாலு அறிஞர் உட்கார்ந்தால் போதும். தூத்துக்குடி நூலகங்களில் மாலை வேளையில் ஓர் அறையை இதற்காகத் திறந்து வைக்கலாம். புத்தகத்தின் முதற்பாடத்தில் விமான நிலையமும் விடுதியும் வேண்டா. படிக்கப்போகிறவர் எவரென்று நமக்குத் தெரியும். ஷியோ என்றால் உப்பு, அமி என்றால் வலை, புனே என்றால் கப்பல் என்று தொடங்கட்டும்.