பழி வீதிக்கா?

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. 1997இல் தொடங்கிய ஜயசிக்குறுய் சமர் அவ்வீதிக்காகவே மூண்டது; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மரணப் பாதை என்ற பெயர் அந்நாளில் பொருந்தியதே. 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட வீதி, 2009இல் போர் முடிந்த பின்னரே மக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது. ஆயினும் பழைய அச்சம் நீங்கவில்லை. குற்றம் வீதியினுடையதா?

அன்று என்பதே நமது முடிபு. ஓமந்தைக்கு அப்பால் வன்னி மண்ணில் வீதி பெரும்பாலும் நேராகவே செல்கின்றது. அந்த நேர்மையே சாரதியை மயக்குகின்றது. வேகம் மிகுகின்றது, கண் சோர்கின்றது. அவ்வேளை இருளில் எதிர்ப்படுவன யாவை? பின்விளக்கில்லாத உழவு இயந்திரம், கட்டாக்காலி மாடு, வீதியோரத்தைக் கவர்ந்து குவித்த நெல். இவற்றுள் எதனை வீதி படைத்தது?

விவசாயியை மட்டும் பழித்தலும் நீதியன்று. உலர்த்தும் தளம் இல்லாதவன் நெல்லை எங்கே காயவைப்பான்? தளம் அமைத்தல் அரசின் கடன். விளக்குப் பூட்டலும் மாட்டைக் கட்டலும் வேகத்தை அடக்கலும் நமது கடன்.

முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று தேங்காய் உடைக்கின்றோம். அவ்விடத்தில் பின்விளக்கு எரிகின்றதா என்றும் பார்ப்போமாக. பிள்ளையார் கோபிக்கமாட்டார்.