துளசி கேட்ட கேள்வி



கல்யாணமான ஆணுக்கு இன்னொரு பெண் மேல் மனசு போகிற கதை தமிழ் சினிமாவுக்குப் புதிது இல்லை. 1985-ல் கே.பாலசந்தர் 'சிந்து பைரவி' எடுத்தார். 1987-ல் பாலுமகேந்திரா 'ரெட்டை வால் குருவி' எடுத்தார். 1995-ல் அவரே 'சதி லீலாவதி' என்று சிரிக்கச் சிரிக்க ஒரு படம் கொடுத்தார். டி.வி.யில் இவற்றைப் போட்டால் நாமும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்காரத்தான் செய்கிறோம். ஆனால் இந்த வரிசையில் என் மனசில் தைத்தது, 1993-ல் பாலுமகேந்திரா எடுத்த 'மறுபடியும்' படம்தான். இந்தியில் 1982-ல் மகேஷ் பட் எடுத்த 'அர்த்' படத்தின் தமிழ் வடிவம் அது.

பார்க்காத சகோதரிகளுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சினிமா டைரக்டரான கணவன் (நிழல்கள் ரவி) ஒரு நடிகையோடு (ரோகிணி) போய்விடுகிறான். மனைவி துளசி (ரேவதி) தனியாக நிற்கிறாள். கடைசியில் அந்த நடிகையும் அவனை விலக்கிவிட, மன்னிப்புக் கேட்டு மனைவியிடம் வருகிறான். அப்போது துளசி ஒரு கேள்வி கேட்கிறாள். 'இதே தப்பை நான் செய்துவிட்டு வந்திருந்தால் என்னை ஏற்றுக்கொள்வாயா?' என்பதுதான் அதன் சாரம். அவனால் 'ஆமாம்' என்று சொல்ல முடியவில்லை. அவளும் அவனோடு போகவில்லை. நல்ல நண்பனாக வருகிற அரவிந்த்சாமியையும் கட்டிக்கொள்ளவில்லை. தன் காலில் நிற்கப் போகிறாள்.

'சிந்து பைரவி'யை நினைத்துப் பாருங்கள். சுஹாசினிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் முடிவில் என்ன ஆகிறது? பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சிந்து போய்விடுகிறாள். பைரவி எல்லாவற்றையும் சகித்துக்கொள்கிறாள். பாடகருக்கோ சங்கீதமும் திரும்பக் கிடைக்கிறது, மனைவியும் இருக்கிறாள், பிள்ளையும் வந்துவிடுகிறது! சறுக்கியவர் ஒருத்தர், தியாகம் செய்தவர்கள் இரண்டு பெண்கள்.

சினிமாவை விடுங்கள். எங்கள் நெல்லைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி நடந்துவிட்டால், ஆற்றுப் படித்துறையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் என்ன பேசுகிறோம்? "அந்தச் சிறுக்கி மயக்கிட்டா" என்று முதல் ஏச்சு இன்னொருத்திக்கு. "இவ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் போறான்?" என்று இரண்டாவது ஏச்சு கட்டினவளுக்கு. கடைசியில், "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், நீதான்ட்டி பொறுத்துப் போகணும்" என்று புத்திமதி. செய்தவனை நிறுத்தி வைத்து ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். கணவர் வேறு ஊரில் இன்னொரு குடித்தனம் வைத்துவிட்டார். பெரியவர்கள் கூடிப் பேசியதெல்லாம் அக்காவைச் சமாதானப்படுத்தத்தான். அவர் ராத்திரியும் பகலும் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சில வருஷம் கழித்து அந்த மனுஷர் திரும்பி வந்தபோது, "பிள்ளைகளைப் பார்க்கலாம், ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம், தங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். "இம்புட்டுத் திமிரு ஆகாது" என்றார் தெருவில் ஒரு பெரியம்மா. "திமிரு இல்ல அத்த, இந்தத் தட்டு குடுத்த தெகிரியம்" என்றார் அக்கா, மடியில் இருந்த பீடித் தட்டைத் தொட்டுக்காட்டி.

'பிள்ளைகளுக்கு அப்பா வேண்டாமா? குடும்பம் பிரியலாமா?' என்று சில சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மன்னித்து ஏற்றுக்கொள்கிற மனைவியை நான் குறை சொல்லவே மாட்டேன். அது அவள் இஷ்டம், அவள் பெருந்தன்மை. ஆனால் போக்கிடம் இல்லாமல், கையில் பத்து ரூபாய் இல்லாமல் 'சரி' என்று சொன்னால் அதற்குப் பெயர் மன்னிப்பா? கதியில்லாமை அல்லவா? வேண்டாம் என்று சொல்ல முடிந்தவள் சரி என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

அதனால்தான் சொல்கிறேன், சில விஷயங்களை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி முதல் மனைவி இருக்க, விவாகரத்தும் இல்லாமல் செய்கிற இரண்டாம் கல்யாணம் செல்லாது. அது ஏழு வருஷம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றமும்கூட. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தால் அந்தக் குற்றத்தில் வராது. ஆனாலும் அதைக் காரணம் காட்டி மனைவி விவாகரத்துக் கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்கவும் வழி இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான மனைவிக்கு, வாழ்ந்த வீட்டிலேயே இருக்க 2005-ம் வருஷத்துச் சட்டம் உரிமை தருகிறது. பெண்களுக்கு வக்கீல் பீஸ் இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவி கிடைக்கும். அவசரத்துக்கு 181 என்ற எண் இருக்கிறது. இதோடு, நம் பெயரில் ஒரு பேங்க் கணக்கும், தையலோ டியூஷனோ மாவு அரைத்து விற்பதோ, நம் கையால் வருகிற ஒரு சிறு வருமானமும் இருக்கட்டும். நல்ல கணவர் வாய்த்தவர்களுக்கும் இது நல்லதுதான்!

இன்னொன்று. ஒருத்தனுக்காக இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துச் சண்டை போடுவதையே மாசக்கணக்கில் இழுக்கிற சீரியல்களை நாம் ரசிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். பார்த்தாலும், பக்கத்தில் இருக்கிற மகனிடம் துளசியின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை அவன் கையில் வரப் போகிறது. அவன் என்ன பதில் சொல்கிறான் என்று இப்போதே நமக்குத் தெரிய வேண்டாமா?

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை.