உப்பின் பெயரும் சேயின் அறிவும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டு, அந்த உப்புக்கு ‘ரஜ லுணு’ எனச் சிங்களப் பெயர் சூட்டப்பட்டபோது தமிழர் கொதித்தெழுந்தனர். நியாயமே! நம் மண்ணில் விளைந்த உப்புக்கு நம் மண்ணின் பெயரே வேண்டும். ஆனால், பொதியின் மேலுள்ள எழுத்துக்காகக் குரல் கொடுத்தோரில் எத்தனை பேர், பொதியின் உள்ளே போதிய அயடீன் உண்டா என்று கேட்டனர்?

கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தைரொயிட்டுச் சுரப்பு இன்றியமையாதது. அது உருவாக அயடீன் வேண்டும். கருக்காலத்தின் முற்பாதியில் அச்சுரப்பைச் சிசு தாயிடமிருந்தே பெறுகிறது. பிறந்த பின் தாய்ப்பாலே அதற்கு அயடீனை ஊட்டுகிறது. கருவில் இழந்த அறிவாற்றலைப் பின்னர் எந்தக் கல்லூரியும் மீட்டுத் தராது. கல்வியே மூலதனம் என்று பெருமை பேசும் யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது?

இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் செய்ததோடு கடமை முடிந்துவிடுமா? பள்ளிச் சிறுவரை அளந்து, நாடு முழுவதற்கும் ‘போதும்’ என்று சொல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சிறுவரின் சிறுநீரில் லீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் என்ற இடைநிலை அளவு போதும்; கர்ப்பிணிகளுக்கோ அது 150க்குக் குறையலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையை அளந்து தாய்க்குத் தீர்ப்பெழுதுவது என்ன நீதி? இங்குள்ள கர்ப்பிணிகளிலும் சிசுக்களிலும் அயடீன் நிலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் காட்டிய வழியில் அரசு ஆண்டுதோறும் செல்ல வேண்டாமா?

உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்துள்ளது. வெங்காயத்துக்கு அளவின்றி இடும் யூரியாவும் மலக்குழிக் கசிவும் சுண்ணக்கல் வெடிப்பினூடே கிணற்றில் இறங்குகின்றன. நைத்திரேற்று மிகுந்தால் தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை ஏற்பது தடைப்படும். உப்பால் கொடுப்பதைத் தண்ணீரால் பறிக்கலாமா?

ஆகவே கேட்போம்: கடைகளில் விற்கும் உப்பின் அயடீன் அளவைச் சோதித்துப் பகிரங்கப்படுத்துக! யாழ் மாவட்டக் கர்ப்பிணிகளின் அயடீன் நிலையைத் தாய் சேய் நல நிலையங்கள் வழியே ஆண்டுதோறும் கணித்து வெளியிடுக! குடிதண்ணீர்க் கிணறுகளைப் பரிசோதித்து முடிவை ஊருக்கு அறிவித்திடுக! வைத்தியர்களே, இக்கோரிக்கைக்கு முன்னின்று குரல் கொடுங்கள். உழவர்களே, மண்ணைச் சோதித்து உரமிடுங்கள்.

பெயர் நமது உரிமை. பிறக்கும் பிள்ளையின் அறிவும் நமது உரிமையே!