நாள்பட்ட அஜீரணமும் மூலிகைச் சூரணமும்

அஜீரணத்துக்கு மும்பையில் மருந்துப் பஞ்சம் கிடையாது. தாராவி, மாட்டுங்கா நாட்டு மருந்துக் கடைகளிலும் மின்சார ரயில் விளம்பரங்களிலும் வாயு, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் மூன்றுக்கும் ஒரே சூரணம் போதும் என்கிறார்கள். இரவு ஷிப்டு, நேரந்தவறிய மெஸ் சாப்பாடு, வெறும் வயிற்றில் தேநீர் என்று காலந்தள்ளும் நம்மவர்கள் இவற்றை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இந்த விளம்பரங்களுக்கு இருந்த கடிவாளம் இப்போது தளர்ந்திருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்து விளம்பரங்களுக்கு மாநில அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்ற 170ஆம் விதி 2018இல் வந்தது. 2024 ஜூலையில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. பொய் விளம்பரத்தைத் தண்டிக்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனினும் அது விளம்பரம் வெளிவந்த பிறகு பாயும் சட்டம். எனவே முன்கூட்டிச் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுந்திருக்கிறது.

அப்படியானால் மூலிகை வைத்தியமே பயனற்றதா? அப்படிச் சொல்வதற்கில்லை. தாய்லாந்தில் அஜீரணக்காரர்கள் 206 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மஞ்சளின் சத்தான குர்குமின் சாப்பிட்டவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு மஞ்சள் தூளை அள்ளிப் போடக் கூடாது. அங்கே கொடுத்தது தினம் 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அந்த அளவைப் பெறத் தினம் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும்! குர்குமின் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் கெட்டதும் உண்டு.

இஞ்சியின் கதையும் இதுவே. தைவானில் 11 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. வயிறு பாதி காலியாக 16 நிமிஷம் பிடித்தது, இஞ்சி கொடுத்தபின் 12 நிமிஷமாகக் குறைந்தது. ஆனால் வயிற்றுத் தொந்தரவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சுக்கும் சீரகமும் சாதாரண மந்தத்துக்கு உதவலாம். நோயின் மூலகாரணத்தை அவை தீர்க்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் போதாது.

கவலைக்குரியவை வேறு சரக்குகள். 'வயிறு சுத்தமாகும்' என்று விற்கும் பல சூரணங்களில் இருப்பது நிலாவாகை. நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகும் இலைதான். அது பேதி மருந்து; ஜீரண மருந்து அல்ல. மாதக்கணக்கில் தின்றால் உடலில் பொட்டாசியம் குறையும். அதிமதுரத்தை நெடுநாள் உட்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறும். இந்துப்பு, கறுப்பு உப்பு கலந்த சூரணமும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. சரக்குகளின் பெயர், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி அச்சிடாத பொட்டலத்தை வாங்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான அபாயம், காலம் கடத்துவது. நாள்பட்ட அஜீரணம் என்பது ஒரே நோய் அல்ல. குடற்புண், பித்தப்பைக் கல், உடல்வலிக்குத் தின்னும் மாத்திரை, வயிற்றுப் புற்றுநோய் என எதுவும் காரணமாகலாம். குடற்புண்ணுக்கு ஒரு கிருமி முக்கிய காரணம் என்று கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தியாவில் மிகப் பரவலாக உள்ள அந்தக் கிருமியை மூச்சுப் பரிசோதனையில் கண்டறியலாம். இரண்டு வார அளவு மாத்திரையில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். இதைச் சூரணத்தால் சாதிக்க முடியாது.

ஆகவே சுக்குக் கஷாயத்துக்கும் சீரகத் தண்ணீருக்கும் இரண்டு வாரக் கெடு வைக்கலாம். அதற்குள் குணமாகாவிட்டால் மாநகராட்சி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவுக்குப் போவதே சரி. உடல் இளைத்தல், கறுப்பு மலம், ரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. வயது ஐம்பதைத் தாண்டி முதல்முறையாக வரும் அஜீரணத்துக்கும் இதே விதி. டாக்டரிடம் போகும்போது, சாப்பிட்டு வந்த சூரணப் பொட்டலத்தையும் மறைக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

அரை நாள் சம்பளம் போகுமே என்று தயங்குவோர் பலர். புண் முற்றிப் படுக்கையில் விழுந்தால் போவது அரை நாள் சம்பளம் மட்டுமல்ல. ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருக்கும் குடும்பமும் சேர்ந்து தவிக்கும்.