இரண்டு ரிக்‌ஷாக்களும் ஒரு விருதும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் சாப்பாடு முடிந்து, கோலப் போட்டிக்குப் பரிசும் கொடுத்தாகிவிட்டது. நாற்காலிகளை மடக்கி அடுக்கும் நேரத்தில்தான் வழக்கமான சண்டை தொடங்கியது. சண்டை எதைப் பற்றி என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சினிமா விருதுதான். ஒரு பெரியவர், "சிவாஜிக்குக் கொடுக்காத விருது என்னய்யா விருது?" என்று ஆரம்பித்தார். எம்.ஜி.ஆர். ரசிகரான இன்னொரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். இளைஞர் ஒருவர், "அதை விடுங்க மாமா, 'ஜெய் பீம்' படத்துக்கு ஒண்ணுமே கொடுக்கலியே, அதைப் பேசுங்க" என்றார். அரங்கத்துச் சாவியோடு நின்றிருந்த காவலாளிச் சேட்டன்தான் பாவம், இரவு ஒன்பதரை வரை காத்திருந்தார்.

இப்படிப்பட்ட சண்டைகளை வீண் வேலை என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. சண்டை நல்லது, ஆனால் நாம் போடுகிற விதம் சரியில்லை என்பதே என் பணிவான கருத்து.

முதலில் பெரியவர்களின் பழைய வழக்கை எடுத்துக்கொள்வோம். 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான 'பரத்' விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது. அதே 1971-இல் சிவாஜியும் கை ரிக்‌ஷா இழுப்பவராக 'பாபு' படத்தில் நடித்தார். ஒரே ஆண்டில் இரண்டு ரிக்‌ஷாக்கள், ஒரு விருது! தமிழ் ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட இதைவிட வேறென்ன வேண்டும்? இதில் அரசியல் உண்டு என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நான் 'பாபு'வை என் தகப்பனாரோடு பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதியவர் அவர். மூட்டை சுமப்பவர்களையும் கைவண்டி இழுப்பவர்களையும் தினமும் கண்ணால் கண்டவர். படம் முடிந்து வெளியே வரும்போது, "அந்த மூச்சு வாங்குறது இருக்கே, அது நிஜம்டா" என்றார். விருதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. எனக்கு இன்றைக்கும் 'பாபு'வின் ரிக்‌ஷாதான் பெரிது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் சிவாஜி ரசிகர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். மத்திய அரசின் திரைப்பட விருதுகள் 1954-இல் தொடங்கின. நடிகருக்கு என்று தனி விருது வந்ததோ 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அப்படியானால் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961), 'கர்ணன்' (1964), 'திருவிளையாடல்' (1965) எல்லாம் வந்தபோது கொடுப்பதற்கு அப்படி ஒரு விருதே டெல்லியில் இல்லை. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில்தான் சிவாஜி சிறந்த நடிகரானார். கொடுக்கவில்லை என்ற குறை பின்னால் வந்த படங்களுக்குப் பொருந்தும். மேடையில் நாம் அடுக்கும் பட்டியலில் பாதிக்குப் பொருந்தாது. வழக்குப் போடுமுன் தேதியைப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன். 'பாபு' நம் சொந்தச் சரக்கும் அல்ல. 1965-இல் மலையாளத்தில் சத்யன் நடித்து வந்த 'ஓடையில் நின்னு' படத்தின் தமிழாக்கம் அது. கதை பி. கேசவதேவின் நாவல். இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரப்போகிறது.

இனி இரண்டாவது வழக்கு. இது நமக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நடுவில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் விருதுப் பட்டியல் வந்த மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "அண்ணாச்சி, நிங்ஙள்க்கு மூணெண்ணமே உள்ளூ" என்பார். சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத்தான் சொல்கிறார். 1965-இல் 'செம்மீன்' ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கியதிலிருந்து 2022-ஆம் ஆண்டுக்கான 'ஆட்டம்' வரை மலையாளத்துக்குப் பத்துக்கும் மேல். தமிழுக்கு 'மறுபக்கம்' (1990), 'காஞ்சிவரம்' (2007), 'சூரரைப் போற்று' (2020) என்று மூன்றே மூன்று. பிழைக்க வந்த ஊரில் டீ குடிக்கும்போது இதைக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் இதே கேலி கிடைக்கிறது.

பல நாள் பதில் தெரியாமல் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். பிறகு அந்த மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் தங்கத் தாமரையான 'மறுபக்கம்', இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'உச்சி வெயில்' கதை. சிவகுமாரும் ஜெயபாரதியும் நடித்தார்கள். இயக்கியவர் யார்? அதே சேதுமாதவன், பாலக்காட்டுக்காரர். இரண்டாவதான 'காஞ்சிவரம்' பட்டு நெசவாளர் கதை. இயக்கியவர் திருவனந்தபுரத்துப் பிரியதர்சன். மூன்றாவது 'சூரரைப் போற்று'. அதில் சிறந்த நடிகை விருது வாங்கிய அபர்ணா பாலமுரளி திருச்சூர்க்காரர். சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்ட சூர்யா, 'மறுபக்கம்' சிவகுமாரின் மகன். அம்மாவாக நடித்து நம்மை அழவைத்த ஊர்வசியும் கேரளத்துப் பெண்தான்.

சரி, அவர்கள் கணக்கைப் பார்ப்போம். 1985-இல் தங்கத் தாமரை வாங்கிய மலையாளப் படம் ஒன்றின் பெயரே 'சிதம்பரம்'. அரவிந்தன் எடுத்தது. அதில் ஸ்மிதா பாட்டீல் நடித்த சிவகாமி ஒரு தமிழ்ப் பெண். மலையோரத்து மாட்டுப் பண்ணையில் வேலை செய்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறவள். பிழைக்கப் போன இடத்தில் நம் பெண் ஒருத்திக்கு நேர்ந்த கதை அது. 'செம்மீனை' எடுத்துக்கொண்டாலோ, தயாரித்தவர் நம் கொச்சியைச் சேர்ந்த கச்சி மேமன் குடும்பத்து இளைஞர் பாபு இஸ்மாயில் சேட். இசை வங்காளத்து சலில் சௌத்ரி. ஒளிப்பதிவு, சென்னையில் தமிழ், தெலுங்குப் படங்களுக்குக் காமிரா பிடித்த மார்க்கஸ் பார்ட்லி.

பஜார் ரோட்டுக் கிடங்கில் கொட்டிக் கிடக்கும் மிளகைக் காட்டி இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் என்ன சொல்வோம்? விளைந்தது இடுக்கி மலையில். பறித்த கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. விலை பேசியவர் குஜராத்தி. கணக்கு எழுதியவர் என் அப்பா. ஆனால் பெயர் மட்டும் கொச்சி மிளகு. தங்கத் தாமரைக் கணக்கும் அப்படித்தான். டீக்கடை நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, "எந்நாலும் மூணல்லே" என்றார். மூன்று மூன்றுதானே என்கிறார். போகட்டும், அன்றைய டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

மூன்றாவது வழக்கு என் வீட்டில் நடந்தது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

2024 ஆகஸ்டில் விருது அறிவித்தார்கள். 'திருச்சிற்றம்பலம்' படத்துக்காக நித்யா மேனனுக்கும், ஒரு குஜராத்திப் படத்துக்காக மானசி பரேக்குக்கும் சிறந்த நடிகை விருது. 'கார்கி'யில் நடித்த சாய் பல்லவிக்கு இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோத்தகிரிப் பெண்ணான சாய் பல்லவியை, 'பிரேமம்' வந்த 2015-லிருந்து கேரளமே மலர் டீச்சர் என்று கொண்டாடுகிறது. பேத்திக்கு அவர் மேல் உயிர். அவள் அம்மா, அதாவது என் மருமகள், நித்யா கட்சி.

பேத்தி மலையாளத்தில்தான் ஆரம்பித்தாள். அவள் படிப்பது, விளையாடுவது, கனவு காண்பது எல்லாம் மலையாளம். தமிழில் "சாப்பிட்டேன்", "போய்ட்டு வரேன்" என்ற அளவுதான். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வராது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு இதுதான் நிலைமை, மறைப்பானேன்? ஆனால் அன்றைக்கு அவள் பேச வேண்டியிருந்தது 'கார்கி'யைப் பற்றி. தப்பே செய்யமாட்டார் என்று நம்பிய அப்பா மேல் பழி விழும்போது, காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலையும் அந்த மகளைப் பற்றி. அந்தப் படத்தின் பேச்சு அவள் காதில் தமிழாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே தமிழுக்கு மாறிவிட்டாள். "அவ அழாம நிக்கிறா பாருங்க, அதுதான் கஷ்டம்" என்றாள். மருமகள் விடவில்லை. "பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி சிரிச்சிக்கிட்டே, உள்ளுக்குள்ள வச்சிக்கிட்டு நிக்கிறது அதைவிடக் கஷ்டம்டி. அழுதாத்தான் நடிப்பா?" என்றாள். அரை மணி நேரம் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் பேத்தி தமிழில் வாதம் செய்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் மருமகள் சொன்னதில் நியாயம் அதிகம். ஆனால் நம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு வா என்று கெஞ்சி அலுத்துப் போன நமக்கு, தமிழ் பேச அவர்களுக்கே ஒரு தேவை வந்தால் அது எப்படி வரும் என்று அன்று தெரிந்தது. அதை வீண் வம்பு என்று எப்படிச் சொல்வேன்?

இனி நம் குறைக்கு வருகிறேன். பொங்கல் சண்டை உச்சத்தில் இருந்தபோது நான் எழுந்து, 'மறுபக்கம்' பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டேன். இரண்டே கைகள். 'கடைசி விவசாயி' என்றேன். ஐந்து கைகள். 2021-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் அது. நடிகரே அல்லாத நல்லாண்டி என்ற கிராமத்துப் பெரியவர் கதாநாயகனாக நடித்து, படம் வெளிவருமுன்பே காலமாகி, பின்பு தேர்வுக் குழுவின் சிறப்புப் பாராட்டைப் பெற்றார். 'ஜெய் பீம்' படத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு. செங்கேணியாக நடித்த நம் இடுக்கி மாவட்டத்து லிஜோமோள் ஜோஸுக்கு ஒரு பாராட்டாவது வந்திருக்க வேண்டும். ஆனால் அதே பட்டியலில் விருது வாங்கிய தமிழ்ப் படத்தைப் பார்க்காமலேயே தமிழனை ஒதுக்கிவிட்டார்கள் என்று பேச நமக்கு என்ன உரிமை?

பார்க்காமல் பேசுவது ஒரு தவறு என்றால், பழைய அளவுகோலையே பிடித்துக்கொண்டு அளப்பது இன்னொன்று. அட்டப்பாடி இருளர் சமூகத்து நஞ்சியம்மாவுக்கு 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காக 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகி விருது அறிவித்தபோது, சங்கீதம் முறையாகக் கற்காதவருக்கா என்று இங்கே ஓர் இசைக்கலைஞர் கேட்டார். வேறு பலர் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள். அவர் பாடியது இருளர் மொழி. தமிழ் தெரிந்த காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். கச்சேரி மேடைக்கான பரிசு அல்ல அது. அந்தப் படத்தில் அந்தப் பாட்டு செய்த வேலைக்கான பரிசு. வேறு எந்தக் குரல் அந்த வேலையைச் செய்திருக்கும்?

அதற்காகத் தேர்வுக் குழு சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று சொல்லவில்லை. 2025-இல் 'உள்ளொழுக்கு' படத்துக்காகத் துணை நடிகை விருது கிடைத்தபோது, எந்த அளவுகோலால் இது துணை வேடமானது என்று ஊர்வசியே வெளிப்படையாகக் கேட்டார். படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். வாங்கியவரே கேட்கலாம் என்றால், பார்த்த நாமும் கேட்கலாம். பார்த்த பிறகு கேட்க வேண்டும், அவ்வளவே.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விருது வாங்கிய படம் ஒன்றோ, வாங்கியிருக்க வேண்டும் என்று நாம் நினைக்கும் படம் ஒன்றோ, முறைப்படி அனுமதி பெற்று அரங்கில் காட்டுங்கள். ஒரு மாதம் தமிழ், மறு மாதம் மலையாளம். முடிந்ததும் ஒரு மணி நேரம் வாதம். படத்தை முழுதும் பார்த்தவர்கள் மட்டும் பேசலாம். தமிழில்தான் பேச வேண்டும், தப்பாக இருந்தாலும் யாரும் திருத்தக் கூடாது. பிள்ளைகள் முதலில் பேசட்டும், பெரியவர்கள் பிறகு. அக்கம்பக்கத்து மலையாள நண்பர்களையும் கூப்பிடுவோம். அவர்கள் தமிழில் பேச முயல்வதைக் கேட்க நம் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்.

முதல் மாதத்துக்கு 'ஓடையில் நின்னு', அடுத்த மாதம் 'பாபு'. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், மூன்றாவது மாதம் 'ரிக்‌ஷாக்காரன்' உண்டு. மூன்றையும் பார்த்துவிட்டு 1971-ஆம் ஆண்டு வழக்குக்கு மட்டாஞ்சேரியில் ஒரு தீர்ப்புச் சொல்வோம். டீக்கடை நண்பரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். வருகிறேன் என்றிருக்கிறார். காவலாளிச் சேட்டனுக்கும் அன்றைக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். எப்படியும் ஒன்பதரைக்கு முன்னால் முடியப்போவதில்லை.