மிச்சமாகும் நேரம் யாருக்கு?

'நேரம் மிச்சம்' என்னும் மந்திரம் திருகோணமலைக் கடைத்தெருவையும் எட்டிவிட்டது. சாட்ஜிபிடி முதலிய உரையாடும் யந்திரங்களைக் கையாண்டால் சிறு வியாபாரி தன் கடிதங்களையும் விலைப்பட்டியலையும் விளம்பரத்தையும் நொடியில் முடித்துவிடலாமாம். எஞ்சும் நேரத்தில் வியாபாரத்தைப் பெருக்கலாமாம். கருத்தரங்குகளில் இவ்வாறு போதிக்கும் கனவான்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். இந்த வியாபாரியின் நேரம் இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது?

துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் தொழில்களைப் பாருங்கள். மத்திய வீதியில் பலசரக்குக் கடை. கரையோரத்தில் கருவாடு காயவைத்துக் கட்டி அனுப்பும் பெண்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டு வெளிநாட்டுப் பிரயாணிகளை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள். வலையும் ஐஸும் விற்பவர்கள். விடியுமுன் எழுந்து உழைக்கும் இவர்களைச் சோம்பேறிகள் என்று எவரும் சொல்ல முடியாது. இவர்களுடைய நேரத்தைத் தின்றது கடிதம். வங்கியிலிருந்து, வரித் திணைக்களத்திலிருந்து, கொழும்பு அலுவலகங்களிலிருந்து சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து விழும் கடிதம்! அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த நாட்களை யார் கணக்கெடுத்தார்கள்? கச்சேரிப் பக்கத்தில் மனு எழுதுகிறவருக்கும், தட்டச்சுச் செய்து தரும் தொடர்பகத்துக்கும் கொடுத்த காசை யார் கூட்டிப் பார்த்தார்கள்?

1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் குடிமக்களுக்கு அரசியலமைப்பில் உரிமை உண்டு. இவற்றைக் கண்காணிக்க 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் ஆணைக்குழுவும் உண்டு. சட்டப் புத்தகத்தில் எல்லாம் உண்டு. கடைக்காரர் கையிலிருக்கும் காகிதத்தில்தான் தமிழைக் காணோம்.

இந்த இடத்தில் யந்திரம் நுழைகிறது. நாம் யந்திரத்தின் பகைவரல்லர். கடிதத்தைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் அதன் சாரத்தைத் தமிழில் சொல்கிறது. பதிலையும் சிங்களத்தில் எழுதித் தருகிறது. அரை நாள் அலைச்சல் ஐந்து நிமிடமாகிறது. இதை இழித்துப் பேசுவது விசைப்படகை வைது கட்டுமரத்தைப் புகழ்வது போன்றது. அப்படிப் புகழ்கிறவர் எவரும் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவரில்லை.

ஆயினும், யந்திரம் யாருடையது என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கொரு தட்டச்சுப்பொறி அமைத்துத் தந்தார். ஒருமுறை வாங்கினால் அது நமது, பழுதானால் கழற்றிப் பார்க்கலாம். இந்தப் புதிய யந்திரமோ கடலுக்கப்பால் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது வாடகைக் குடியிருப்பு. வழக்கமான கட்டணச் சேவைக்கு 2025 இல் மாதம் 20 டொலர், ஏறத்தாழ 6,000 ரூபாய். 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்டபோதும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாகத்தான் இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகவும் கிடைக்கிறதே என்பர். அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

இதன்மீது செயலிகள் கட்டி விற்போரிடம், சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டி, துண்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது இத்தொழிலின் வழக்கம். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கிலத்தில் 27 துண்டாயிருந்த ஒரு சிறு அறிமுக வாசகம் தமிழில் 116 துண்டாயிருந்தது. புதிய முறையில் தமிழ் 35 ஆகக் குறைந்ததென்று பெருமையோடு அறிவித்தார்கள். நல்லதே. தமிழன் பேச்சு நீளம் என்பது நம் மேடைகளுக்குப் பொருந்தலாம். பில்லுக்கும் பொருந்துமென்று நாம் கருதியதில்லை!

துறைமுகம் நம்முடையது, சாவி பிறரிடம் என்பது திருகோணமலைக்குப் பழகிய கதை. பிரிட்டிஷ் கடற்படை 1957 இல்தான் தளத்தை ஒப்படைத்தது. அவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களில் எஞ்சிய 99 க்கு 2022 ஜனவரியிலும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யந்திரம் தயங்காமல் பிழையும் சொல்லும். கடன் தவணைத் தேதியை அது மாற்றிச் சொன்னால் தண்ட வட்டி கட்டுவது கருவாடு விற்கும் பெண்தான். மனு எழுதுகிறவர் பிழைவிட்டால் மறுநாள் அவர் மேசைக்கு முன் போய் நின்று நியாயம் கேட்கலாம். இங்கே எந்த மேசைக்கு முன் நிற்பது?

இனி, நமது வாசகர் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. தொடர்பகத்தில் தட்டச்சுச் செய்யும் பெண்ணை நாம் மறந்துவிட்டோம். உயர்தரம் வரை படித்து, மூன்று மொழியும் பழகி, மற்றவர்களின் கடிதங்களை எழுதித் தந்தவள் அவள். நேரம் மிச்சமானபோது அவள் ஒரு மணி முந்தி வீட்டுக்குப் போனாளா? ஒன்றில் வேலை போயிற்று. அல்லது அதே சம்பளத்துக்கு இரட்டிப்பு வேலை தலையில் விழுந்தது. யந்திரங்கள் எவருடைய நாளாந்த உழைப்பையாவது இலேசாக்கினவா என்று ஜான் ஸ்டூவர்ட் மில் எழுப்பிய ஐயத்தை மார்க்ஸ் 1867 இல் 'மூலதனம்' முதற்பாகத்தில் எடுத்துக்கொண்டு, அது யந்திரத்தின் நோக்கமே அன்று என்று காட்டினார். முதலாளி சிறியவர் என்பதால் அவர் கடையில் சுரண்டல் சிறிதாகிவிடுவதில்லை. இந்த யந்திரத்தைப் பழக்கிய இடத்திலும் அதே கதைதான். அருவருப்பான வாசகங்களை நாள் முழுதும் படித்து வடிகட்டிய கென்யத் தொழிலாளருக்கு மணிக்கு 2 டொலருக்கும் குறைந்த கூலி கிடைத்ததை 2023 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை வெளிப்படுத்திற்று.

கடை, அலுவலக ஊழியருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் எட்டு மணி நேர வேலைநாளை வகுத்தது. அதை ஆறு மணியாக்கு, கூலியைக் குறைக்காதே என்று கேட்க இதைவிடத் தக்க தருணம் எது? தொழிற்சங்கங்கள் இன்னும் வாய் திறக்கவில்லையே!

அரசினரோ மகிழ்ச்சியாக இருப்பார்கள். மொழிபெயர்ப்பாளரை நியமிக்க வேண்டியதில்லை. கடைக்காரர் தம் செலவில் மொழிபெயர்த்துக்கொள்கிறாரல்லவா? இந்த வசதியை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாகாது. ஆசிரியர்களும் மாணவர்களும் மாலை வேளைகளில் கடைவீதிக்கு வாருங்கள். தமிழில் வராத கடிதம் ஒவ்வொன்றையும் படியெடுங்கள். அதன் பொருளை வியாபாரிக்கு விளக்கிய கையோடு, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாட்டையும் எழுதச் செய்யுங்கள். அந்த முறைப்பாட்டை வேண்டுமானால் யந்திரமே எழுதித் தரட்டும். ஐந்து நிமிடம் போதும்.